பழைய சென்டர் கன்சோல் போட் வாங்கப் போறீங்களா? டாம்பா பக்கம் என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஃப்ளோரிடா வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வேலை கம்ப்யூட்டர்ல, சனிக்கிழமை கடல்ல. இங்க தமிழ்க்காரங்க பொங்கல் விழா, பர்த்டே பார்ட்டின்னு எங்க கூடினாலும் யாராவது ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டோட என்னை ஓரமா கூட்டிட்டுப் போய் "போட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், ஃபோட்டோ பாருங்களேன்"னு ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறது எல்லாம் அதே கேள்விங்கதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். நான் மெக்கானிக் இல்ல, போட்டைப் பரிசோதிச்சு ரிப்போர்ட் கொடுக்கற சர்வேயரும் இல்ல. ரெண்டு போட் வாங்கி, அதுல ஒண்ணை நஷ்டத்துக்கு வித்தவன், அவ்வளவுதான் தகுதி.

சென்டர் கன்சோல்னா என்ன, ஏன் எல்லாரும் அதையே வாங்கறாங்க?

ஸ்டீயரிங், மீட்டர் எல்லாம் போட்டுக்கு நட்டநடுவுல ஒரு மேடை மாதிரி நிக்கும், அதைச் சுத்தி நாலாபக்கமும் நடக்கலாம். பெரிய மீன் மாட்டினா அது ஒரு இடத்துல நிக்காது, போட்டைச் சுத்தும், அடியில புகுந்து அந்தப்பக்கம் வரும், நீங்களும் ராடைப் புடிச்சிக்கிட்டு பின்னாடியே சுத்தணும், அதுக்குத்தான் இந்த அமைப்பு. தளத்துல விழற தண்ணி தானா வெளிய போயிடும், கழுவறது சுலபம். குறைன்னா வெயில், மழை, காத்து எதுக்கும் மறைவு கிடையாது. குடும்பத்தோட போறவங்களுக்கு அது சின்ன குறை இல்ல, கீழ சொல்றேன்.

எத்தனை அடி வாங்கலாம்? 19 அடி போதுமா?

என் முதல் போட் 19 அடி. டாம்பா விரிகுடாவுக்குள்ள ஓட்ட தங்கம். ஸ்கைவே பாலத்தைத் தாண்டி எக்மான்ட் தீவு பக்கம் தலைய நீட்டினா போதும், அலை பொளந்து கட்டிடும். ரெண்டாவது தடவை வெளிய போயிட்டு வந்தப்ப என் மனைவி டாக்ல கால் வச்சதும் சொன்னது, "இனிமே நீங்களும் உங்க மீனும் மட்டும் போங்க". போட்டோட நிஜ விலை அன்னிக்குத்தான் புரிஞ்சுது. குடும்பம் ரெண்டாவது தடவை ஏறாத போட், எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் காஸ்ட்லிதான்.

நம்ம பக்கம் மெக்ஸிகோ வளைகுடா ரொம்ப ஆழம் கம்மி, தரை மெதுவாத்தான் சரியும். நூறு அடி ஆழம் பாக்கணும்னாலே முப்பது நாப்பது மைல் ஓடணும். கிழக்குக் கரையில மயாமி, ஸ்டூவர்ட் பக்கம் இருக்கறவங்களுக்கு கொஞ்ச மைல்லயே ஆழம் வந்துடும், அவங்க சொல்ற கணக்கை நாம எடுத்துக்கக் கூடாது. ஆழம் கம்மியான கடல்ல அலை குட்டை குட்டையா, நெருக்கமா வரும். ஃபோர்காஸ்ட்ல அலை எத்தனை அடின்னு மட்டும் பாக்காதீங்க, எத்தனை செகண்டுக்கு ஒண்ணுன்னும் பாருங்க. மூணு அடி அலை நாலு செகண்டுக்கு ஒண்ணு வந்தா பல்லு ஆடிடும், அதே மூணு அடி ஒன்பது செகண்டுன்னா தொட்டில்.

அதனால என் கணக்கு 23-லிருந்து 25 அடி. அகலம் எட்டரை அடிக்குள்ள இருந்தா தனி பர்மிட் இல்லாம ரோட்டுல இழுக்கலாம். இன்னொண்ணு டெட்ரைஸ், அதாவது போட்டோட அடிப்பாகம் பின்பக்கம் எத்தனை டிகிரிக்கு வி மாதிரி இருக்குங்கறது. 20-லிருந்து 24 டிகிரின்னா அலைய வெட்டிக்கிட்டுப் போகும், ஆனா நின்ன இடத்துல கொஞ்சம் ஆடும். 15 டிகிரி பக்கம்னா நிக்கும்போது அசையாது, ஓடும்போது அறையும். ரெண்டும் ஒண்ணா கிடைக்காது, ஓரளவுக்கு விட்டுக்கொடுக்கணும்.

எந்த கம்பெனி நல்லது?

இதுல சண்டை வரும், சுருக்கமா முடிச்சிக்கறேன். பாஸ்டன் வேலர் மேலயும் கீழயும் ஃபைபர்கிளாஸ், நடுவுல ஃபோம், முங்காதுங்கறது அவங்க பெருமை, 1961-லயே போட்டை ரம்பத்தால பாதியா அறுத்து மிதக்க விட்டு விளம்பரம் பண்ணினாங்க. கிரேடி-ஒயிட், ரெகுலேட்டர் ரெண்டும் நார்த் கரோலினா, பழசானாலும் விலை இறங்காது. கன்டெண்டர் நம்ம ஃப்ளோரிடா சரக்கு, வேகமா போய் மீன் புடிக்கறவங்களுக்கு. ராபலோ, சீ ஹன்ட், கீ வெஸ்ட் எல்லாம் பட்ஜெட்டுக்கு ஏத்தது, தப்பே இல்ல. என்னைக் கேட்டா, ஒழுங்கா பராமரிச்ச சாதா பிராண்டு, கவனிக்காம விட்ட பெரிய பிராண்டை விட எவ்வளவோ மேல்.

எஞ்சின் எத்தனை ஹவர்ஸ் ஓடியிருக்கலாம்?

கார்ல மைலேஜ் பாக்கற பழக்கத்துல எல்லாரும் கேக்கறது இது. ஆனா கடல்ல ஓடாத எஞ்சின்தான் ஆபத்து. பத்து வருஷத்துல 150 ஹவர்ஸ்னு ஒருத்தர் பெருமையா சொன்னா நான் பயப்படுவேன், மீதி நாள் எல்லாம் உப்பும் பழைய பெட்ரோலும் உள்ள உக்காந்து என்ன வேலை பண்ணிச்சோ யாருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு நூறு ஹவர்ஸ் ஓடி, நூறு ஹவருக்கு ஒரு தடவை சர்வீஸ் ஆயி, பில்லெல்லாம் ஃபைல்ல இருந்தா 800 ஹவர்ஸ் கூட எனக்கு ஓகே.

வாயால சொல்றதை நம்பாதீங்க. இப்ப இருக்கற நாலு-ஸ்ட்ரோக் எஞ்சின்ல கம்ப்யூட்டர் இருக்கு, மெக்கானிக் லேப்டாப் மாட்டினா மொத்த ஹவர்ஸ், எந்த ஆர்.பி.எம்-ல எவ்வளவு நேரம், அலாரம் ஏதும் அடிச்சுதா எல்லாம் கக்கிடும். கூடவே கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் எவ்வளவு வருதுன்னு பாக்கறது. நம்பர் எவ்வளவுங்கறதை விட எல்லா சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்துல இருக்கான்னு பாருங்க, ஒண்ணு மட்டும் 15 சதவீதம் கீழ இருந்தா நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க. கியர் ஆயில் கொஞ்சம் இறக்கிப் பாக்கச் சொல்லுங்க, பால் ஊத்தின டீ கலர்ல வந்தா சீல் போயி தண்ணி உள்ள போயிருக்குன்னு அர்த்தம்.

எவின்ரூட் பிராண்டு எஞ்சின் மாட்டின போட் சல்லிசா கிடைக்கும். 2020 மே மாசம் அதைத் தயாரிச்ச பி.ஆர்.பி கம்பெனி அந்த எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, வாங்கறதுன்னா அதை மனசுல வச்சு விலை பேசுங்க. புது 300 ஹெச்.பி எஞ்சின் மாட்ட 25 ஆயிரம் டாலருக்கு மேல போயிடும், அதனால பழைய போட்னா பாதி விலை எஞ்சின்னு நினைச்சுக்கோங்க.

ஒரு எஞ்சினா, ரெண்டா? ரெண்டு இருந்தா ஒண்ணு நின்னாலும் வீடு வந்து சேரலாமே?

நானும் அப்படித்தான் நினைச்சேன். சில நேரம் உண்மைதான். ஆனா கடல்ல போட் நிக்கறதுக்கு வழக்கமான காரணம் கெட்டுப்போன பெட்ரோல், செத்துப்போன பேட்டரி. ஒரே டாங்க்ல தண்ணி கலந்த பெட்ரோல் இருந்தா ரெண்டு எஞ்சினும் ஒண்ணா இருமும். சர்வீஸ் செலவு டபுள், எடை டபுள். 24 அடிக்கு நல்ல ஒத்தை எஞ்சின், ரெண்டு தனித்தனி பேட்டரி, பெரிய பெட்ரோல் ஃபில்டர், கூடவே நின்னுபோன போட்டை இழுத்துட்டு வர்ற டோ சர்வீஸ் மெம்பர்ஷிப், நான் இப்படித்தான் ஓட்டறேன். அம்பது மைல் தாண்டி அடிக்கடி போறவங்கன்னா ரெண்டு எஞ்சின் வாங்குங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன்.

போட் பளபளன்னு இருக்கு, வேற என்ன பாக்கணும்?

பளபளப்பு ஒரு சனிக்கிழமை வேலை, பாலிஷ் மெஷின் இருந்தா போதும். பாக்க வேண்டியது எல்லாம் காலுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத இடத்துல.

மொதல்ல டிரான்ஸம், அதாவது எஞ்சினைத் தாங்கற பின்சுவர். பழைய போட் நிறைய, ரெண்டு ஃபைபர்கிளாஸ் தகடுக்கு நடுவுல பிளைவுட் வச்சுக் கட்டினது. எஞ்சின் போல்ட் ஓட்டை, இல்ல யாரோ ஒரு சென்சார் மாட்டறேன்னு போட்ட ஸ்க்ரூ ஓட்டை, அது வழியா தண்ணி போயி உள்ள மரம் ஊறி இத்துப் போயிருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க, பானை வாங்கறப்ப தட்டிப் பாப்பாங்களே அதே கதைதான். கணீர்னு வந்தா நல்லது, சத்தம் செத்து "தப்"புன்னு வந்தா உள்ள ஊறியிருக்கு. அப்புறம் எஞ்சினோட கீழ்ப்பாகத்துல கால் வச்சு லேசா அழுத்தி, வேற ஒருத்தரை டிரான்ஸத்தைப் பாக்கச் சொல்லுங்க, சுவர் கூடவே அசைஞ்சா முடிஞ்சுது.

2019-ல ப்ரேடன்டன் பக்கம் ஒரு 23 அடி பாத்தேன். புது சீட், புது ஸ்டிக்கர், கண்ணு கூசுது. அட்வான்ஸ் கொடுக்க செக்புக்கோட போனேன். சர்வேயர் சுத்தியலோட பின்னாடி போனாரு, ரெண்டு நிமிஷம் தட்டினாரு, என்னைப் பாத்து சிரிச்சாரு. ஒண்ணுமே பேசலை, ஈரம் பாக்கற மீட்டரை வச்சுக் காட்டினாரு, முள்ளு அந்தக் கடைசிக்குப் போச்சு. அன்னிக்கு சர்வேக்குக் கொடுத்த காசு என் வாழ்க்கையிலேயே நல்ல செலவு.

ரெண்டாவது பெட்ரோல் டாங்க். நிறைய போட்ல அலுமினியம் டாங்கை தரைக்கு அடியில வச்சு சுத்தி ஃபோம் ஊத்திடுவாங்க. அந்த ஃபோம்ல உப்புத்தண்ணி தங்கினா அலுமினியம் பொடிப்பொடியா அரிச்சு ஓட்டை விழும். மாத்தணும்னா சில போட்ல தரையையே அறுக்கணும், ஆயிரக்கணக்குல ஆகும். 15 வருஷம் தாண்டின போட்னா இன்ஸ்பெக்ஷன் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, வெள்ளைப் பொடி பூத்திருக்கா, பெட்ரோல் வாசனை வருதான்னு. டாங்கை பிரஷர் டெஸ்ட் பண்ணவும் ஆள் இருக்காங்க.

மூணாவது, ஊறின ஃபோம். ஒரு சின்ன தந்திரம்: போட்டை டிரெய்லரோட லாரி எடைமேடைக்குக் கூட்டிட்டுப் போய் எடை போட்டு, கம்பெனி சொன்ன எடையோட டிரெய்லர், எஞ்சின், பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பாருங்க, பெட்ரோல் ஒரு கேலன் சுமார் ஆறு பவுண்டு. கணக்குக்கு மேல எழுநூறு எண்ணூறு பவுண்டு நின்னா அது தண்ணி, வேறென்ன.

வயரிங் பத்தி ஒரே வரி: கன்சோல் கதவைத் திறங்க, நூடுல்ஸ் மாதிரி கிடந்தா விலையைக் குறைங்க.

புயல்ல மாட்டின போட்டை எப்படிக் கண்டுபிடிக்கறது?

2022 செப்டம்பர்ல இயன், 2024 செப்டம்பர் 26 ஹெலீன், அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள அக்டோபர் 9 மில்டன். இந்தக் கரையில முங்கின, கரையேறின, மரத்து மேல உக்காந்த போட்டுங்க எத்தனையோ. அதுல கொஞ்சத்தைக் கழுவி, சீட் மாத்தி, விக்கறாங்க. விக்கறதே தப்புன்னு சொல்லலை, சொல்லாம விக்கறதுதான் தப்பு. கன்சோலுக்குள்ள சுவர்ல ஒரு சேத்துக்கோடு, ஃபியூஸ் பாக்ஸ்ல பச்சைப் பாசி மாதிரி படிவு, பழைய போட்ல எலக்ட்ரானிக்ஸ் மட்டும் பூரா புதுசு, இதெல்லாம் பாத்தா நேரா கேளுங்க, "ஹெலீன்ல இது எங்க இருந்துச்சு?" பதில் வர எடுத்துக்கற நேரத்தைக் கவனிங்க.

சீ டிரையல்ல, அதாவது வாங்கறதுக்கு முன்னாடி கடல்ல ஓட்டிப் பாக்கறப்ப, என்ன பண்ணணும்?

நான் வர்றதுக்கு முன்னாடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு விக்கறவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. ஆறிக் கிடக்கற எஞ்சினைக் கிளப்பறப்பதான் அதோட குணம் தெரியும். வெளிய போயி ஃபுல் திராட்டில் ஒரு ரெண்டு நிமிஷம், கம்பெனி சொன்ன ஆர்.பி.எம் வருதான்னு பாருங்க, நிறைய 300 ஹெச்.பி எஞ்சினுக்கு 5000-6000. வரலைன்னா ப்ரொப்பல்லர் தப்பா இருக்கலாம், இல்ல எஞ்சின் களைச்சிருக்கலாம். அமைதியான தண்ணியில மட்டும் ஓட்டிட்டு வராதீங்க, காத்துக்கு எதிரா அலையில ஓட்டுங்க. திரும்பி வந்ததும் பில்ஜ் மூடியைத் திறந்து அடியில தண்ணி சேந்திருக்கான்னு பாருங்க.

முக்கியமா வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. விக்கறவர் முகம் சுளிப்பாரு, பரவாயில்ல.

சர்வேயர் அவசியமா? 600 டாலர் கேக்கறாங்க.

50 ஆயிரம் கொடுக்கறீங்க, 600-க்கு யோசிக்கறீங்க. பழைய போட்னா இன்ஷூரன்ஸ் கம்பெனியே பெரும்பாலும் சர்வே ரிப்போர்ட் கேக்கும். சாம்ஸ் இல்ல நாம்ஸ், இந்த ரெண்டு சங்கத்துல ஒண்ணுல உறுப்பினரா இருக்கற சர்வேயரை நீங்களே தேடுங்க. விக்கறவர் "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு"ன்னா வேண்டாம். ஹல், அதாவது போட்டோட உடம்பைப் பாக்கறவர் வேற, எஞ்சின் மெக்கானிக் வேற, ரெண்டுமே வேணும்.

பேப்பர் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

பின்சுவர்ல வலதுபக்கம் மேல ஹல் நம்பர் 12 எழுத்துல இருக்கும், கடைசி ரெண்டு எண் மாடல் வருஷம். அது டைட்டில்ல, அதாவது ஓனர் யாருன்னு காட்டற பேப்பர்ல, இருக்கறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். டைட்டில்ல பேங்க் பேர் இருந்தா லோன் அடைஞ்சதுக்குப் பேப்பர் வாங்காம காசு கொடுக்காதீங்க. டிரெய்லருக்குத் தனிப் பேப்பர், எஞ்சின் சீரியல் நம்பரையும் பில்லுல எழுதிக்கோங்க. தனி ஆள்கிட்ட வாங்கினாலும் ஃப்ளோரிடாவுல 6 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ் உண்டு, கவுண்டி டாக்ஸ் கலெக்டர் ஆபீஸ்ல கட்டணும், 60 ஆயிரம் போட்னா 3600 டாலர். இதை பட்ஜெட்ல மறந்துட்டு வந்து நிக்கறவங்கதான் அதிகம்.

எங்க ஹோண்டா ஒடிசி மினிவேன்ல போட்டை இழுக்கலாமா?

கூடாது. மினிவேன் இழுக்கறது 3500 பவுண்டு. 24 அடி போட், எஞ்சின், ஃபுல் டாங்க், டிரெய்லர் எல்லாம் சேந்து ஏழாயிரம் பக்கம் வரும். பிக்கப் வேணும், இல்லைன்னா போட்டைக் கரையில பாத்துக்கற ட்ரை ஸ்டோரேஜ்ல வைங்க, ஃபோன் பண்ணினா ஃபோர்க்லிஃப்ட்ல இறக்கி வச்சிடுவாங்க, நான் அப்படித்தான். மாச வாடகை வலிக்கும், ஆனா போட்டை இறக்கற ராம்ப்ல நூறு பேர் பாக்க ரிவர்ஸ் எடுக்கற வேதனை இல்ல.

சின்னப் பசங்க, வயசான அம்மா அப்பா எல்லாம் வருவாங்க, அவங்களுக்கு என்ன பாக்கணும்?

மொதல்ல கன்சோலுக்குள்ள டாய்லெட். இது இல்லாத போட்டுக்கு எங்க வீட்டுல விசா கிடையாது. குனிஞ்சு நுழைஞ்சு கதவு சாத்திக்க முடியுதான்னு அம்மாவையே ட்ரை பண்ணச் சொல்லுங்க. அடுத்தது நிழல், கன்சோலுக்கு மேல நிக்கற கூரை, டீ-டாப், இருந்தே ஆகணும், பின்னாடி இழுத்து விடற துணிப்பந்தலும் இருந்தா நல்லது, ஜூலை வெயில்ல அது இல்லாம ஒரு மணி நேரம் தாங்காது. பக்கச்சுவர் பெரியவங்களுக்குத் தொடை உசரம் வரணும், குழந்தை எட்டிப்பாத்தா கவுந்துடக் கூடாது. தண்ணியில இருந்து ஏற ஏணி, சாஞ்சு உக்கார சீட்.

ஃப்ளோரிடா சட்டப்படி 26 அடிக்குக் கீழ இருக்கற போட் ஓடும்போது 6 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும். எங்க சட்டம், பசங்க எல்லாருமே, நின்னாலும் ஓடினாலும். வாந்திக்கு மாத்திரை டாக்டரைக் கேட்டு முந்தின நாள் ராத்திரியே போடுங்க, குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா வேலைக்கு ஆகாது. காலையில எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், ரெண்டு இட்லி போதும்.

ஆஃப்ஷோர், அதாவது கரையை விட்டு தூரமா போறதுக்கு சட்டம், சேஃப்டி எல்லாம்?

1988 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்க 10 ஹெச்.பி-யோ அதுக்கு மேலயோ ஓட்டணும்னா போட்டிங் சேஃப்டி கார்டு வேணும், ஆன்லைன்லயே படிக்கலாம், அதுக்கு முன்னாடி பிறந்தவங்களும் படிங்க. 2021 ஏப்ரல்ல இருந்து ஆள் தவறி விழுந்தா எஞ்சினை நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறை ஓட்டறவர் மாட்டிக்கணும்னு ஃபெடரல் சட்டம். கரையை விட்டு பத்துப் பன்னண்டு மைல் போனாலே செல்ஃபோன் செத்துடும், அதனால ஃபிக்ஸ்டு வி.எச்.எஃப் ரேடியோ, ஆபத்துன்னா கூப்பிட சேனல் 16. கூடவே ஈபர்ப், பட்டன் அழுத்தினா சாட்டிலைட் வழியா கோஸ்ட் கார்டுக்கு உங்க இடம் போகும். பழைய போட்டோட வந்ததுன்னா பேட்டரி தேதியைப் பாருங்க, உங்க பேர்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க. பெட்ரோல்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாம வைக்க.

ஆங்கர், அதான் நங்கூரம், அந்த விஷயம் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. 2009 பிப்ரவரி 28 அன்னிக்கு க்ளியர்வாட்டர்ல இருந்து நாலு நண்பர்கள், அதுல ரெண்டு பேர் என்.எஃப்.எல் ஆட்டக்காரங்க, 21 அடி சென்டர் கன்சோல்ல வளைகுடாவுல ரொம்ப தூரம் போயிருந்தாங்க. கிளம்பற நேரத்துல ஆங்கர் அடியில மாட்டிக்கிச்சு. கயிறை போட்டோட பின்பக்கம் கட்டி எஞ்சினை முடுக்கி இழுக்கப் பாத்தாங்க. பின்பக்கம் அமுங்கி தண்ணி ஏறி கவுந்துடுச்சு. கிட்டத்தட்ட ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தரைத்தான் உயிரோட கண்டுபிடிச்சாங்க. நல்ல உடம்புக்காரங்க, விளையாட்டு வீரங்க. ஆங்கர் மாட்டினா கயிறை முன்பக்கம்தான் கட்டணும், வரலைன்னா கத்தியால அறுத்துட்டு வாங்க, புது ஆங்கர் சில நூறு டாலர். என் போட்ல முன்னாடி ஒரு கத்தி நிரந்தரமா தொங்குது, யாரும் பழம் நறுக்க எடுக்கக் கூடாது.

வாங்கினப்புறம் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?

போட் விலையில பத்துல ஒரு பங்குன்னு பொதுவா சொல்வாங்க, எனக்கு அதைத் தாண்டித்தான் போகுது. ஓடினா ஒரு கேலனுக்கு ரெண்டு மைல் பக்கம், நாப்பது மைல் போயி வந்தாலே நாப்பது கேலன் காலி. எத்தனால் கலக்காத ரெக் 90 பெட்ரோல் கிடைச்சா அதையே போடுங்க, எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். அப்படிப் புடிச்ச கிங்ஃபிஷ், நம்ம வஞ்சிரத்தோட சொந்தக்காரன், கிலோ என்ன விலைன்னு என் மாமனார் ஒரு தடவை கணக்குப் போட ஆரம்பிச்சாரு. களவாவும் சங்கராவும் இருக்கே மாமான்னு பேச்சை மாத்திட்டேன்.

பூஜை போடலாமா? போட்ல வாழைப்பழம் கூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இந்த ஊர் மீன்புடிக்காரங்களுக்கு வாழைப்பழம்னா ஆகாது, போட்ல இருந்தா ஒரு மீனும் கடிக்காதுன்னு பழைய நம்பிக்கை, சில கேப்டனுங்க பையைத் திறந்து பாத்து தூக்கிப் போடுவாங்க. நமக்கோ வாழைப்பழம் இல்லாம பூஜையே இல்ல. எங்க ரெண்டாவது போட்டுக்கு டாக்லயே தேங்கா உடைச்சு, எலுமிச்சம்பழத்தை டிரெய்லர் டயருக்கு அடியில வச்சு, வாழைப்பழத்தை எல்லாம் கரையிலேயே தின்னு முடிச்சிட்டுத்தான் ஏறினோம். பக்கத்து ஸ்லிப்ல இருந்த பெரியவர் தோலை எல்லாம் எண்ணிப் பாத்துட்டு கை ஆட்டினாரு. அன்னிக்கு மூணு சங்கரா.